எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா!

போன வாரம் எங்கள் வீட்டுச் சுவர் என்னை அதட்டியது.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தானே, பரணில் கிடக்கிற பித்தளை முறுக்கு நாழியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைக்கலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஒரு கால்தான் மேலே போயிருக்கும். "அம்மா, இறங்கு! இறங்குன்னு சொல்றேன்ல!" என்று தலைக்கு மேலே ஒரு குரல். பாளையங்கோட்டையில் நான் ஒருத்தியாக இருக்கிற வீட்டில், பட்டப்பகலில், பூட்டிய கதவுக்கு உள்ளே ஆண் குரல் கேட்டால் எப்படி இருக்கும்? ஸ்டூல் ஒரு ஆட்டம் ஆடியது. நானும் ஆடினேன். பரண் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன்.

பேசியது என் மகன். பெங்களூரில் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டு ஹாலில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் அவன் மாட்டிவிட்டுப் போன கேமரா வழியாகப் பேசுகிறான்.

"எய்யா, நீ போட்ட சத்தத்துலதான் நான் விழப் பார்த்தேன்."

"அதான் சொல்றேன், ஏறாத. எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா."

இந்தக் கடைசி வரியை 66 வருஷமாகக் கேட்டுவருகிறேன். சொல்கிற வாய்தான் மாறுகிறது. 1979இல் பி.ஏ. முடித்து, மெட்ராஸில் போய் எம்.ஏ. படிக்கிறேன் என்றபோது அப்பா சொன்னார். கல்யாணமான புதிதில் என் சம்பளத்தில் பாதியை என் பேரில் போட்டுவைக்கிறேன் என்றபோது வீட்டுக்காரர் சொன்னார். இப்போது மகனின் முறை. பெண்ணைச் சின்ன வயதில் தகப்பனும், பிறகு புருஷனும், முதுமையில் பிள்ளைகளும் காக்க வேண்டும், அவள் தன்னிச்சையாக இருக்கத் தகுந்தவள் இல்லை என்று மனு ஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது. மகளிர் கல்லூரியில் வரலாறு நடத்தியவள் நான். அந்த இடம் வரும்போதெல்லாம் கோபத்தில் சாக்பீஸை உடைத்திருக்கிறேன். என் மகன் மனுவைப் படித்ததே இல்லை. படிக்காமலேயே அந்த மூன்றாவது பகுதியை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான்.

கெட்ட பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் பண்ணுகிற பிள்ளை. சிக்கலே அதுதான். கவனிக்காத பிள்ளையாக இருந்தால் எனக்கு வழி உண்டு. 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மாதாமாதம் பணம் கேட்கலாம். அளவுக்கு மேல் கவனிக்கிற பிள்ளை மீது எந்த ஆபீஸில் மனு கொடுப்பது? கொடுத்தால்தான் யார் அனுதாபப்படுவார்கள்? "குடுத்து வச்சவ நீ" என்று பக்கத்து வீட்டு மதினியே வாயை அடைத்துவிடுகிறாள்.

குறையைக் கேளுங்கள்.

முதலில் போனது ஸ்கூட்டர். இருபது வருஷமாக ஓட்டுகிறேன். 65 வயதில் லைசென்ஸைப் புதுப்பித்தேன். 40 தாண்டியவர்களுக்கு மருத்துவர் சான்று வேண்டும் அல்லவா? டாக்டர் கண்ணைப் பார்த்தார், கையைக் காலை நீட்டி மடக்கச் சொன்னார், படிவம் 1ஏ-யில் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருஷம் ஓட்டு என்று அரசாங்கம் அட்டை கொடுத்தது. ஒரு மழை நாளில் மார்க்கெட் பக்கம் வண்டி சறுக்கி முழங்கையில் சிராய்ப்பு. மதினி அதைப் பெங்களூருக்கு நேரடி ஒலிபரப்பு செய்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வந்தவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுத்த ஐந்து வருஷத்தை, என் கண்ணைக்கூடப் பார்க்காமல் ரத்து பண்ணியாகிவிட்டது. இப்போது ஒரு கட்டு கீரை வாங்க ஆட்டோவுக்கு 80 ரூபாய் அழுகிறேன்.

அடுத்தது வங்கி. போலீஸ் மாதிரி வீடியோவில் வந்து "உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கிறோம்" என்று மிரட்டிப் பெரியவர்களின் சேமிப்பைச் சுருட்டுகிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்கிற அளவுக்குப் போனது. பயம் நியாயமானதுதான். அதற்கு அவன் கண்ட வைத்தியம், என் கணக்கில் என் செல் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டது. ஏதோ படிவம் என்று கையெழுத்து வாங்கினான். நான் கண்ணாடி போடாத நேரம். ஆக, பென்ஷன் எனக்கு, ஓடிபி அவனுக்கு. போன மாதம் மூன்று புத்தகம் வாங்க 740 ரூபாய் அனுப்பப் பார்த்தேன். அவன் மீட்டிங்கில் இருந்தான், ஓடிபி காலாவதியாகிவிட்டது. மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை போனை எடுத்தவன், "எதுக்கும்மா இத்தனை புஸ்தகம்? கண்ணு கெட்டுப்போகும்" என்றான். ஒரு காலத்தில் அவனுடைய காலேஜ் பீஸுக்குச் செக் எழுதிக்கொடுத்த கை இது. அந்தக் கை 740 ரூபாய்க்குக் கணக்குச் சொன்னது.

இதற்கு ஆங்கிலத்தில் பேட்டர்னலிசம் என்று பெயர். லத்தீனில் 'பாட்டெர்' என்றால் அப்பா. தமிழில் தந்தைமைவாதம் என்று எழுதுகிறார்கள். கேட்டால் ஏதோ விருது கொடுப்பது போல இருக்கிறது. வகுப்பில் நான் 'அப்பாத்தனம்' என்றுதான் சொல்வேன். பிள்ளைகள் உடனே சிரித்துவிடுவார்கள். புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவருடைய நன்மைக்காகவே, அவருடைய சம்மதம் இல்லாமல், அவர் எடுக்க வேண்டிய முடிவை இன்னொருவர் எடுப்பது. இதில் 'நன்மை' என்கிற சொல்தான் வில்லங்கம். பறிக்க வருகிற கையைத் தட்டிவிடலாம். மருந்து ஊட்ட வருகிற கையை எப்படித் தட்டுவது?

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வயது வந்த ஒருவரைக் கட்டாயப்படுத்துவதற்கு, அவர் அடுத்தவருக்குத் தீங்கு செய்யாமல் தடுப்பது மட்டுமே நியாயமான காரணம். அவருடைய சொந்த நன்மை அதற்குப் போதாது என்பது அதன் சாரம். அதில் ஒரு பாலம் வரும். இடியப்போகிற பாலத்தில் ஒருவன் கால் வைக்கப்போகிறான், எச்சரிக்க நேரமில்லை என்றால் கையைப் பிடித்து இழுத்துவிடு. ஆற்றில் விழ அவனுக்கு ஆசை இருக்காது. விழலாம், விழாமலும் போகலாம் என்கிற ஆபத்தாக இருந்தால், விஷயத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள். போவதும் போகாததும் அவன் பாடு. என் ஸ்டூல் இந்த இரண்டாவது ரகம். ஒரு கால் கட்டை என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் சாயும் என்றும் தெரியும். பதினைந்து வருஷப் பழக்கம்.

ஆனால் மில் கதையில் ஒரு பின்கட்டு உண்டு. அவர் 1823 முதல் 1858 வரை 35 வருஷம் கிழக்கிந்தியக் கும்பெனியின் லண்டன் ஆபீஸில் வேலை பார்த்தவர். அதே புத்தகத்தில், இந்தச் சுதந்திரம் குழந்தைகளுக்கும் பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது என்று விலக்கும் எழுதிவிட்டார். அவருக்குச் சம்பளம் கொடுத்த கும்பெனி யாரை ஆண்டுகொண்டிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாத்தனத்தின் சூட்சுமமே இதுதான். வயது வந்தவர்களுக்குச் சுதந்திரம் உண்டு என்று முழங்கிவிட்டு, வயது வந்தவர் யார் என்று தீர்மானிக்கிற வேலையைத் தானே வைத்துக்கொள்வது.

நம் ஊரில் அந்த வேலையைச் சுலபமாக்கிவிட்டோம். பையனுக்கு 18 ஆனால் அவன் மேஜர். பெண்ணுக்கு "வயசுக்கு வந்துட்டா" என்று சொன்ன நாளிலிருந்து வாசற்படிதான் எல்லை. அப்புறம் ஒருநாள் "உனக்கு வயசாயிடுச்சு" என்கிறார்கள், மறுபடியும் அதே வாசற்படி. வயசுக்கு வந்ததற்கும் வயசானதற்கும் நடுவில் எனக்குச் சரியான வயசு எப்போது இருந்தது? யாராவது தேதியைக் குறித்து வைத்திருந்தால் சொல்லுங்கள்.

நம் மொழிக்கு இது தெரியும். 'காப்பு' என்கிற சொல்லைப் பாருங்கள். காப்பாற்றுவது காப்பு. பிறந்த குழந்தையின் கையில் போடுவது காப்பு. மாசமாக இருப்பவளுக்கு வளைகாப்பு. அம்மன் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டிவிட்டால், முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. போலீஸ் கையில் மாட்டுகிற விலங்குக்கும் காப்பு என்றுதான் பெயர். ஒரே வளையம். மாட்டுகிற ஆளைப் பொறுத்து நகை, மாட்டிக்கொள்கிற ஆளைப் பொறுத்து விலங்கு. கல்லூரி விடுதி வார்டனுக்கும் தமிழில் காப்பாளர் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு அப்புறம் வருகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கடன் பாக்கி இருக்கிறது.

வீட்டில் நடப்பதைத்தான் சட்டமும் வெகுகாலம் செய்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66வது பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்றது. பெண்களின் பாதுகாப்புக்காகத்தான். இரவு ஷிப்ட் போனால் வருகிற கூடுதல் வருமானமும் சேர்ந்து போயிற்று என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு எல்லாம் செய்து கொடுத்து வேலைக்கு வை என்று நிபந்தனைகள் போட்டது.

டெல்லியில் இன்னொன்று. 1914இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பஞ்சாப் கலால் சட்டம் அங்கேயும் அமலில் இருந்தது. மது பரிமாறுகிற இடத்தில் பெண்கள் வேலை பார்க்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு ஓட்டலில் பாதி வேலை கிடையாது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பை நான் பல தடவை படித்திருக்கிறேன். பெண்களை வேலையிலிருந்து விலக்குவது பாதுகாப்பு ஆகாது, அவர்கள் பயமில்லாமல் வேலை பார்க்கிற சூழலை உண்டாக்குவதுதான் அரசின் கடமை என்று அதில் வருகிறது.

இரண்டிலும் ஒரே கதைதான். ரோட்டில் விளக்கு இல்லை, பஸ் இல்லை, குடித்தவன் கையை நீட்டுகிறான். விளக்குப் போடச் செலவு ஆகும். பஸ் விடச் செலவு ஆகும். கையை நீட்டினவனைப் பிடிக்க மெனக்கெட வேண்டும். பெண்ணை வீட்டில் உட்கார வைப்பதற்குப் பைசா செலவில்லை. ஆபத்தைச் சரிபண்ணத் துப்பில்லாதபோது ஆபத்தில் இருப்பவரைப் பூட்டிவிடுவது என்கிற சிக்கனத்துக்குத்தான் 'உன் நல்லது' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நான் இப்படிப் பொரிந்துகொண்டிருந்தபோது மகன் போனில் மடக்கினான். "அப்போ ஹெல்மெட்டும் வேண்டாமா? அதுவும் அப்பாத்தனம்தானே?"

நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று கெடுபிடி தொடங்கியது. எனக்கும் தலை வேர்த்தது, முதல் வாரம் முணுமுணுத்தேன், போட்டுக்கொண்டேன். ஏன் வலிக்கவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த விதி எனக்கு மட்டும் போட்டது இல்லை. கலெக்டர் தலைக்கும் அதுதான். காரணத்தை எல்லாருக்கும் தெரியச் சொன்னார்கள். பிடிக்காதவர் கோர்ட்டுக்குப் போகலாம், ஓட்டையும் மாற்றிப் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம் என்பதில் அது தலையிடவில்லை. தலையை மூடிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றது. என் மகன் ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

அரசாங்க அப்பாவும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1937இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அந்த அப்பா கண்டிப்பானவர். பிடிக்கிறதோ இல்லையோ, ஒரே பேச்சு. இப்போதிருக்கிற அப்பா 2003 முதல் மதுக்கடையைத் தானே நடத்துகிறார். பாட்டிலில் மது கேடு என்று அச்சடித்து, அந்தப் பாட்டிலைத் தன் கையாலேயே எடுத்துக்கொடுத்து, கல்லாவிலும் தானே உட்காருகிறார். அறிவுரையும் வருமானமும் ஒரே ஜன்னல் வழியாக வந்தால் எதை நம்புவது?

இருந்தாலும் அந்த ஜன்னலில் நின்று சண்டை போடலாம். சண்டை போட முடியாத இடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி.

ஆறு மாதத்துக்கு முன்னால் மூச்சு வாங்குகிறது என்று எக்கோ எடுக்கப் போனேன். மகனும் வந்திருந்தான். டாக்டர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். என் நெஞ்சின் படம் அது. எதிரே நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைத் தாண்டி அவனைப் பார்த்து, "சார், கொஞ்சம் வெளியே வர்றீங்களா?" என்றார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் பேசினார்கள். நான் உள்ளே, சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும், "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நார்மல்" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே காது சிவக்கும். அன்றைக்கும் சிவந்தது.

வீட்டுக்கு வந்து அவன் குளிக்கப் போன நேரத்தில் ஃபைலை எடுத்து நானே படித்தேன். மகாதமனி வால்வு லேசாகச் சுருங்கியிருக்கிறதாம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். இதைத்தான் நான் தாங்க மாட்டேன் என்று இரண்டு ஆண்பிள்ளைகள் வராந்தாவில் முடிவு செய்திருக்கிறார்கள். இவன் அப்பா ஐ.சி.யு.வில் இருந்த பதினொரு நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்றவள் நான். அன்றைக்கு இவன்தான் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

வால்வு சமாசாரத்தோடு போயிற்று, எனக்குப் பெரிய நஷ்டமில்லை. 1995இல் டெல்லியில் ஒரு பெண்மணிக்கு நடந்தது வேறு. 44 வயது, கல்யாணம் ஆகாதவர். உதிரப்போக்கு நிற்கவில்லை என்று போனார். சோதனைக்காக என்று மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோபி செய்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது முடிவு முடிந்திருந்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வயது வந்த, சித்தம் தெளிவான பெண். உயிர் போகிற அவசரம் எதுவும் இல்லை. மயக்கம் தெளிந்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம். அம்மாவின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது என்றது. நஷ்டஈடு 25,000 ரூபாய். இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்காதே என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தோம் என்பது டாக்டர் தரப்பு. இருக்கலாம். அந்த அம்மாவும் மகளின் நல்லதுக்குத்தான் தலையாட்டியிருப்பார். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் கேட்கவேண்டியவரே கண் விழித்திருப்பார். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்கிற பயம் எங்கேயோ இருந்தால்தான், அந்த ஒரு மணி நேரம் பொறுக்க முடியாமல் போகும்.

இங்கேதான் என் பழைய கடன் வருகிறது.

தொண்ணூறுகளில் எட்டு வருஷம் எங்கள் கல்லூரி விடுதிக்கு நான் காப்பாளர். சாயங்காலம் ஆறரைக்கு கேட்டைப் பூட்டச் சொல்லி, பூட்டியாயிற்றா என்று நானே போய் இழுத்துப் பார்ப்பேன். மனுவைப் பகலில் திட்டிவிட்டு, சாயங்காலம் அவருடைய வேலையைச் செய்தவள் நான். வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும்போது ஒரு நிறைவு வரும் பாருங்கள், அதற்கு இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு இரண்டாம் வருஷப் பெண். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தால் எங்கேயாவது வேலை கிடைக்கும் என்று தெருக்கோடி இன்ஸ்டிட்யூட்டில் சேர நினைத்தாள். பகலில் கல்லூரி, அவளுக்குக் கிடைத்த நேரம் ஆறு முதல் ஏழு. அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தாள். இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிற சந்தில் விளக்குக் கிடையாது. பையன்கள் நிற்பார்கள். நான் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. அவள் போனதும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். மறுநாளே அவர் பஸ் ஏறி வந்து, டைப்ரைட்டிங்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நன்றி சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்."

அந்தச் சந்தில் ஒரு டியூப்லைட் போட நகராட்சிக்கு மனு எழுதியிருக்கலாம். வாட்ச்மேனைக் கூட அனுப்பியிருக்கலாம். இன்னும் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டமாகப் போகச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. பூட்டு கையில் இருந்தால் வேறு எதுவும் தோன்றாது. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு 9.30க்கு மேல் விடுதியை விட்டு எங்களை வெளியே விட மறுக்கிறார்கள் என்று கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டுகிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது, கேள்வி என் பழைய சாவிக்கொத்தைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் கேட்டைப் பூட்டியது அந்தப் பிள்ளைகளின் நல்லதுக்கு இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் நாளைக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே என்கிற பயத்தில்தான். பூட்டினால் எனக்குத் தூக்கம் வந்தது.

சுவர் அதட்டிய அன்று ராத்திரி மகனோடு பெரிய சண்டை. வண்டி, ஓடிபி, வராந்தா, கேமரா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவனும் பதிலுக்குக் கொட்டினான். கடைசியில் குரல் உடைந்து, "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவ்வளவு தூரத்துல நான் என்னம்மா பண்ணுவேன்? ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு கேமராவைப் பார்க்கிறேன், தெரியுமா? நீ தூங்குறது தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்றான்.

இத்தனை நாளில் அவன் சொன்ன ஒரே நேர்மையான வார்த்தை அது. 'உன் நல்லது' என்று சொல்லிக்கொண்டிருந்தது அவனுடைய தூக்கம்.

எய்யா, அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, மழை நாள்ல மட்டும் வண்டி எடுக்காம இருப்பியா?" என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். "பெரிய தொகைக்கு மட்டும் எனக்கும் மெசேஜ் வர்ற மாதிரி வைப்போமா?" என்று கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அவன் நிம்மதிக்காக நான் விட்டுக்கொடுக்காதது ஏதாவது உண்டா? ஆனால் விட்டுக்கொடுக்க முதலில் அது என் கையில் இருக்க வேண்டும். முடியாது என்று சொல்ல இடமிருந்தால்தான் நான் சொல்கிற சரிக்கு மதிப்பு. பிடுங்கிக்கொண்ட சாவியை நான் எப்படி அவனுக்குக் கொடுப்பது?

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிம்மா, தூங்கு" என்றான். மறுபடியும் உத்தரவு.

மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஸ்டூல் ஆடுகிறது என்பது உண்மை. அதற்கு வைத்தியம் ஏணி. ஆன்லைனில் பார்த்தால் கைப்பிடி வைத்த மூன்று படி ஏணி கிடைக்கிறது. பணம் கட்டப் போனால் ஓடிபி கேட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செல்லை மூடிவிட்டு, அடுக்களையில் கடுகு டப்பாவுக்கு அடியில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, இரும்புக் கடையில் நானே பேரம் பேசி வாங்கிவந்தேன். ஆட்டோக்காரத் தம்பி உள்ளே கொண்டுவந்து பரணுக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போனார்.

முதல் படியில் கால் வைத்தேன். சுவர் கரகரத்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அம்மா."

"என்ன?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கா?"

கேள்வி! எத்தனை மாதம் ஆயிற்று இவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு.

"இருக்கு" என்றேன். ஏறினேன்.

முறுக்கு நாழி இறங்கிவிட்டது; புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. ஸ்கூட்டர் சாவியும் ஓடிபியும் இன்னும் பெங்களூரில்தான் இருக்கின்றன.